கதையை முடிக்கிறவர்கள்

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வார இதழின் தீபாவளி மலரில் 'விடுதலை' என்ற தலைப்பில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். தலைப்பைப் பார்த்ததுமே கதை இன்னதென்று வாசகர்கள் ஊகித்து விடுவார்கள். புற்றுநோய் கண்டு படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவி, இளகிய மனம் படைத்த ஒரு டாக்டர், நள்ளிரவு, வெளியே மழை, டாக்டரின் கையில் ஓர் ஊசி. கடைசி வரியில் டாக்டர் ஜன்னலைத் திறக்கிறார், மழை நின்றிருக்கிறது. அவ்வளவு சரியான நேரத்தில் மழை எப்படி நின்றது என்று பத்திரிகாசிரியரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அந்தக் கதைக்கு வந்த பாராட்டுக் கடிதங்களைப் போல் என் நாவல்களுக்குக்கூட வந்ததில்லை. படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதியிருந்தார்கள். தாராபுரத்திலிருந்து ஓர் அம்மாள் எழுதிய கார்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'கதை படித்தேன். நன்றாக இருந்தது. அந்தப் பாட்டிக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கதையில் எங்கேயும் இல்லையே. வீட்டில் ஒருவரும் கேட்கவில்லையா? அவர்கள் கேட்காவிட்டால் நீங்களாவது கேட்டிருக்கலாம்.' இவ்வளவுதான் கார்டு. கதையின் உயரம் தெரியாத ஒரு வெகுளி வாசகி என்று எண்ணிச் சிரித்துவிட்டு அதை மேஜை அறையில் போட்டேன். பதில் எழுதவில்லை.

சென்ற மாதம் ஓர் இளம் வக்கீல் என்னைத் தேடி வந்தார். குணப்படுத்த முடியாத நோயாளி விரும்பிக் கேட்டால் டாக்டர் ஊசி போட்டு அவர் உயிரை முடிக்கலாம் என்று நம் நாட்டில் சட்டம் வரவேண்டுமாம். அதற்கான மனுவில் எழுத்தாளர்கள் பலரிடம் கையெழுத்து வாங்குகிறார். "உங்களுடைய 'விடுதலை' கதையைப் படித்துத்தான் சார், எனக்கே இந்த எண்ணம் வந்தது" என்றார். என் கதையால் ஒருவர் வாழ்க்கையில் விளைந்த பயன் இதுவா என்று எனக்குத் திக்கென்றது. கையெழுத்துப் போடவில்லை. "ஏன் சார்?" என்று கேட்டார். அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. அந்த வக்கீலுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சட்டம் அவர் துறை. கதை என் துறை. என் துறையில் நின்றுகொண்டு பேசுவதே எனக்கு மரியாதை.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். பிழைக்க வழியில்லாத ஒருவரை இயந்திரங்களில் மாட்டி வைத்து நாட்களை இழுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கூடி, அப்படிப்பட்ட நிலையில் சிகிச்சையை நிறுத்திக்கொள்ளலாம், தனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கான நடைமுறையை 2023-இல் எளிதாக்கினார்கள். அதில் எனக்கு வழக்கு ஏதும் இல்லை. சாவு வரும்போது வழிவிட்டு ஒதுங்கி நிற்பது வேறு. வராத சாவைப் போய்க் கூட்டிக்கொண்டு வருவது வேறு. ஐரோப்பியர்கள் இரண்டாவதற்கு 'நல்ல சாவு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத் தேடி எடுத்து 'யூதனேஷியா' என்றார்கள். நம்மவர்கள் அவ்வளவு சாமர்த்தியம் இல்லாதவர்கள். கருணையையும் போட்டுக் கொலையையும் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தச் சொல் நேர்மையான சொல்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதை எப்படிச் செய்தேன் என்று இப்போது சொல்லிவிடலாம். கிழவிக்கு இரண்டாம் பக்கத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. ஏன்? பேச விட்டால் அவள் என்ன சொல்வாளோ என்று எனக்குப் பயம். மகனை டில்லிக்கு மாற்றிவிட்டேன். மருமகள் கதையிலேயே இல்லை. வீடு யார் பெயரில் இருக்கிறது, மருந்துக் கடையில் எவ்வளவு பாக்கி, இரவில் யார் துணி மாற்றுகிறார்கள், ஒன்றும் கிடையாது. ஒரு நோயாளியையும் ஒரு டாக்டரையும் மட்டும் உலகத்திலிருந்து கத்தரித்து எடுத்து ஓர் அறையில் வைத்தேன். அப்படி வைத்துவிட்டால் அப்புறம் கருணைக்கு என்ன தடை? வக்கீல் நண்பரின் மனுவைப் படித்தபோது அது என் கதையைப் போலவே கட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். தெளிந்த புத்தியுள்ள ஒரு நோயாளி, தன்னலமில்லாத ஒரு டாக்டர், தாங்க முடியாத வலி, சுயேச்சையான ஒரு விருப்பம். வீடு மட்டும் இல்லை.

வீட்டை விடாமல் எழுதியவர் டால்ஸ்டாய். 1886-இல் வெளிவந்த 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற குறுநாவலில், நாற்பத்தைந்து வயது நீதிபதி ஒருவர் மாதக் கணக்கில் சாகிறார். மனைவி இருக்கிறாள், அவளுக்குச் சலிப்பு. மகள் இருக்கிறாள், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அப்பாவின் நோய் இடைஞ்சலாக இருக்கிறது. அப்பா கிடக்க, குடும்பம் அலங்கரித்துக்கொண்டு நாடகம் பார்க்கப் போகிறது. டாக்டர்கள் வருகிறார்கள், பொய் சொல்கிறார்கள், போகிறார்கள். அபினியும் மார்பியாவும் கொடுத்துப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் கெராஸிம் என்ற குடியானவப் பையன், வேலைக்காரன், எஜமானரின் கால்களைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். கால்களை அப்படி உயர்த்தி வைத்தால் அவருக்கு வலி குறைகிறதாம்! வைத்திய சாஸ்திரத்தில் அதற்குக் காரணம் இருக்கிறதோ என்னவோ, டால்ஸ்டாய் சொல்லவில்லை. அந்தப் பையன் பொய் சொல்வதில்லை, முகம் சுளிப்பதில்லை. இவான் இலியிச்சுக்கு நோயைவிடப் பெரிய வேதனை, தான் எல்லோருக்கும் தொந்தரவாகிவிட்டோம் என்று ஒவ்வொரு முகத்திலும் படிக்க நேர்வதுதான். கெராஸிமின் முகத்தில் மட்டும் அது எழுதியிருக்கவில்லை.

கடைசி மூன்று நாட்கள் அவர் ஓயாமல் அலறுகிறார். ஒரு கதாசிரியனாக நான் அந்த இடத்தில் நிச்சயமாக ஊசியை எடுத்திருப்பேன். டால்ஸ்டாய் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் முடிவில், பள்ளிக்கூடத்துப் பையனான மகன் மெல்ல உள்ளே வருகிறான். அப்பாவின் கை தற்செயலாக அவன் தலையில் படுகிறது. அவன் அதைப் பற்றி உதட்டில் வைத்துக்கொண்டு அழுகிறான். இவான் இலியிச்சுக்குத் தன்னைப் பற்றிய துக்கம் போய், அவர்களைப் பற்றிய இரக்கம் வருகிறது. சற்று நேரத்தில் உயிர் போகிறது. இப்படி ஒரு கடைசி நிமிஷம் கிடைக்கும் என்பதற்காக எந்த மனிதனையும் மூன்று நாள் அலற விடலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் நானும் சொல்வேன். அந்த அலறலைத் தணிக்க இன்றைக்கு வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இங்கே நான் கவனிப்பது வேறு. அந்த மனிதர் சாக விரும்பியிருந்தால், அந்த விருப்பத்தில் எவ்வளவு பங்கு நோயினுடையது, எவ்வளவு பங்கு மனைவியின் முகத்தினுடையது என்று எந்த மாஜிஸ்திரேட்டு பிரித்துச் சொல்ல முடியும்?

நம் பழம் பெருமையை எடுத்துப் பேசுகிறவர்கள் உடனே வடக்கிருத்தலைச் சொல்வார்கள். கோப்பெருஞ்சோழன் தானாக உண்ணாமல் இருந்து உயிர்விடவில்லையா, பிசிராந்தையார் வந்து கூட அமரவில்லையா, சாவைத் தேர்ந்துகொள்ளும் உரிமை தமிழனுக்குப் புதியதா என்பார்கள். கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சோழன் ஏன் வடக்கிருந்தான் என்பதையும் புறநானூறு அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகள் இருவர் அவன்மேல் படை எடுத்து வந்தார்கள். மக்களோடு போரிடுவது தகாது என்று புலவர் தடுத்தார். அந்த வெட்கத்தில் அவன் போய் உட்கார்ந்தான். மன்னனுடைய சாவுக்குப் பின்னாலும் பிள்ளைகளின் முகம் இருந்திருக்கிறது!

தென் மாவட்டங்களில், விருதுநகர் வட்டாரத்தில், மன்னர்களுக்கு இல்லாத வேறொரு முறை உண்டு. தலைக்கூத்தல் என்று பெயர். படுக்கையில் விழுந்துவிட்ட பெரியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவார்கள்; இளநீரைத் தம்ளர் தம்ளராகக் குடிக்க வைப்பார்கள். காய்ச்சல் கண்டு இரண்டொரு நாளில் முடிந்துவிடும். எண்ணெய் தேய்ப்பதும் இளநீர் கொடுப்பதும் நம் வீடுகளில் அன்பின் செயல்கள். அதையே கருவியாக்கிக் கொண்டதை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. 2010-ஆம் ஆண்டு வாக்கில் பத்திரிகைகளில் இது வெளிப்பட்டது. "பாவம், எத்தனை நாள்தான் கஷ்டப்படுவார்?" என்று சொல்லித்தான் இதையும் செய்கிறார்கள். ஏழை வீடு, ஒரு நாள் கூலி போனால் ஒரு நாள் அடுப்பு எரியாது, பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அவர்களை அரக்கர்கள் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் கருணை எங்கே முடிந்து கணக்கு எங்கே தொடங்குகிறது என்பது செய்கிறவர்களுக்கே தெரியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இதை வைத்து நல்ல தமிழ்ப் படங்கள் வந்திருக்கின்றன. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இடுப்பெலும்பு முறிந்த இரவுக் காவல்காரர் ஒருவரை மகன் கிராமத்துக்குக் கொண்டுபோகிறான். சில நாளில் அவர் இல்லை. படத்தைப் பற்றி விஸ்தாரமாக எழுத ஆசை, இடம் போதாது. தலைப்பு ஒன்றே போதும். 2019-இல் வந்த மதுமிதாவின் 'கே.டி.' வேறு குணம். நினைவில்லாமல் மாதக் கணக்கில் கிடந்த கிழவர் விழிக்கிறார்; குடும்பம் தனக்கு நாள் குறிப்பதைக் காதால் கேட்கிறார்; எழுந்து ஓடிவிடுகிறார்! ஓர் அநாதைச் சிறுவனோடு சேர்ந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றிப் பிரியாணி சாப்பிடுகிறார். கொஞ்சம் இனிப்புத் தூக்கலான படம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அந்தப் பிரியாணியைப் பார்த்தபோது எனக்குத் தாராபுரத்துக் கார்டு ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் கேட்ட கேள்வியை இந்தப் படத்தில் ஒரு சின்னப் பையன் கேட்டுவிட்டான்.

அருணா ஷான்பாக்கின் கதையில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பெண். 1973 நவம்பரில் அங்கே வேலை பார்த்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிப் பாழ்படுத்தினான். மூளைக்குக் காற்றுப் போகாமல் நின்றது. அந்த ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே நாற்பத்தொன்றரை ஆண்டுகள் கிடந்து, 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். அவரைப் பற்றி 1998-இல் புத்தகம் எழுதியவர் பிங்கி விரானி. அவர் எழுதியிராவிட்டால் நாடு அந்தப் பெண்ணை மறந்தே போயிருக்கும். அதற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். அவரே அருணாவின் 'உற்ற நண்பர்' என்ற முறையில் 2009-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், உணவு கொடுப்பதை நிறுத்தி அவரை அமைதியாகச் சாக விட வேண்டும் என்று கேட்டார். எதிர்த்தவர்கள் அந்த ஆஸ்பத்திரி ஊழியர்கள். தலைமுறை தலைமுறையாக, அருணாவோடு வேலை பார்த்தேயிராத இளம் நர்ஸுகள்கூட, அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து வந்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. மீனும் கோழி சூப்பும் கொடுத்தால் முகம் மலர்கிறது என்று நர்ஸுகள் சொன்னது, கோர்ட்டு அனுப்பிய டாக்டர்களின் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. 2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: உற்ற நண்பர் அந்த ஊழியர்கள்தான், மனு தள்ளுபடி. சிகிச்சையை நிறுத்துவதற்கான முதல் விதிமுறைகள் பிறந்ததும் அந்தத் தீர்ப்பில்தான். அதற்கு விரானியின் மனுவே காரணம் என்பதையும் மறைக்கக் கூடாது.

என் தொழிலைச் சேர்ந்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்று பாருங்கள். எழுத்தாளர் கதைக்கு ஒரு முடிவு கேட்டார். நர்ஸுகளுக்கு அது கதையாகவே தோன்றவில்லை. நாளைக்குக் காலையில் யாருக்கு டியூட்டி என்பதுதான் அவர்களுக்குப் பிரச்னை. எழுதுகிறவர்களுக்கு முடிவில் ஒரு மோகம் உண்டு. 'கதையை முடித்துவிடு' என்றால் நம் தமிழில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் வந்த நாடுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஆயுள் ஆறு மாதத்துக்குள் என்று கணிக்கப்பட்டவர்கள் மருந்து வாங்கிக் குடித்துச் சாகலாம். ஏன் கேட்டார்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை போடுகிறார்கள். வலியைத்தான் முதல் காரணமாக எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதே முதலில் நிற்கிறது. வீட்டாருக்குப் பாரமாகிவிட்டேன் என்பதை அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். வலி அதற்கும் கீழே. ஹாலந்தில் 2002-இல் சட்டம் வந்தது. 2023-இல் அங்கே இறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இந்த வழியில் போனார்கள். கனடாவில் 2016-இல் சாவை நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டில், சாவு நெருங்காத நோயாளிகளுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் என்று கதவை அகலத் திறந்தார்கள். 2023-இல் அங்கே பதினையாயிரம் பேருக்கு மேல். அந்த நாட்டார் கெட்டவர்கள் அல்ல. ஆஸ்பத்திரியும் பென்ஷனும் நம்மைவிட நன்றாக உள்ளவர்கள். அங்கேயே இப்படி என்றால், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் தாலியை அடகு வைக்க வேண்டிய நம் வீடுகளில் எப்படி இருக்கும்?

"என் உயிர் என்னுடையது, நான் கேட்டால் மறுக்க நீங்கள் யார்?" என்று வக்கீல் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் கேட்கிறவரிடம் மட்டும் பேசுவதில்லை, கேட்காதவர்களிடமும் பேசுகிறது. இன்றைக்குக் கட்டிலில் கிடக்கும் ஒரு கிழவி தான் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் வந்த மறுநாளிலிருந்து அவள் சொல்ல வேண்டும். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கஞ்சித் தம்ளரை வைக்கிற சத்தத்திலேயே கேள்வி இருக்கும்.

வலி? வலியை நான் லேசாக நினைக்கவில்லை. சில பேருக்கு எந்த மருந்தும் போதாது என்பதும் மெய். அவர்களுக்கு நினைவு மங்கும்படி மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. ஆனால் மிகப் பலருடைய வலியை மலிவான மார்பின் மாத்திரையே அடக்கிவிடும். சர்க்கார் அனுமதியோடு அபினி விளைவிக்கிற நாடு நம்முடையது; அதை வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம். நம் நோயாளிக்கு மட்டும் கிடைக்கவில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்பினைத் தொடவே அஞ்சின. சட்டத்தைத் திருத்த 2014 வரை ஆயிற்று. கோழிக்கோட்டில் 1993-இல் சில டாக்டர்கள் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, கேரளம் முழுவதும் பரவி, பக்கத்து வீட்டுக்காரர்களும் மாணவர்களும் நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் இயக்கமாக வளர்ந்திருக்கிறது. நம் பக்கத்திலும் நல்ல மனிதர்கள் சிலர் இதைச் செய்கிறார்கள். தேவைக்கு அது போதாது. மாத்திரை கிடைக்காத ஊரில் ஊசிக்குச் சட்டம் கேட்பது என்ன வரிசை?

இவ்வளவும் எழுதிய பிறகு, என்னைப் பற்றிய ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் 'விடுதலை'யைப் போலவே வீட்டை விட்டுவிட்ட கதையாகிவிடும்.

என்னை வளர்த்தவள் என் அத்தை. கடைசி ஒன்றரை ஆண்டு எங்கள் வீட்டில்தான் படுக்கையில் இருந்தாள். ஓர் இரவு, நான் தொடர்கதை அத்தியாயம் ஒன்றை முடிக்க முடியாமல் மூன்றாம் நாளாகக் கண் விழித்துக்கொண்டிருந்தேன். துணி மாற்றக் கூப்பிட்டாள். மாற்றினேன். "என்னால உங்களுக்கெல்லாம் எவ்வளவு கஷ்டம். ஏதாவது ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிடச் சொல்லேண்டா அந்த டாக்டர்கிட்ட" என்றாள். வழக்கமாக "சும்மா இருங்க அத்தை" என்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி, நீ போய்ப் படு" என்றாள்.

அந்த வீட்டில், அந்த இரவில், கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்று இருந்திருந்தால் அவள் போட்டிருப்பாள். தெளிந்த புத்தியோடு, சுயேச்சையாகப் போட்டிருப்பாள். நானும் மறுநாள் அதைக் கருணை என்றே நம்பியிருப்பேன்.

தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாராபுரத்துக் கார்டு எப்படி அப்போது நினைவுக்கு வந்ததோ, "அத்தை, என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டேன். எட்டு மாதமாகக் கஞ்சியென்று நாங்களே தீர்மானித்திருந்தோம். யாரும் அவளைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். "சுட்ட அப்பளம்" என்றாள்.

உப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகட்டும் என்று என் மனைவி தணலில் ஒன்றைச் சுட்டு, ரசம் சாதத்தில் நொறுக்கி ஊறவைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு வாய் வாங்கினாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தாள். இடையில் இன்னும் எத்தனையோ முறை சாவைக் கேட்டாள். அப்பளத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அன்றைக்கு இரண்டாம் வாயை மென்றுகொண்டே சமையலறைப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "கருக்கிட்டாடா" என்றாள்.